மைக் கேட்ட ஓட்டோக்காரர்

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆனாலும் என் ஒலிபெருக்கி இல்லாமல் மட்டக்களப்பில் எந்தத் திருவிழாவும் நடந்ததில்லை.

யுத்தம் முடிந்த வருடம், சுனாமி வீட்டுத்திட்டத்தில் ஒரு கூட்டத்துக்கு மைக் கட்டினேன். அங்கே குடியிருந்த மெலிந்த ஓட்டோக்காரர் ஒருவர், என் ஸ்பீக்கர் பெட்டியில் விரலால் தாளம் தட்டியபடியே நின்றார்.

"ஐயா, மைக்க ஒருக்காத் தாங்க. ராப் ஒண்டு பாடப்போறன்."

"பாட்டெண்டா ராகம் வேணும், மனே."

"எங்களுக்குத் தண்ணி வேணும் ஐயா. ராகம் பிறகு வரட்டும்."

கொடுத்தேன். வறண்டு கிடந்த குழாயைப் பற்றி அவர் மூச்சுவிடாமல் பாட, பெண்கள் குடங்களோடு வந்து கூடினார்கள். பேச வந்த அதிகாரி, பேச்சுத் தாளின் பின்பக்கத்தில் குழாய் விஷயத்தைக் குறித்துக்கொண்டார்.

பிறகு ஒருநாள் குழாயில் தண்ணீர் வந்தபோது அந்த ஓட்டோக்காரர் கட்டாருக்கு வேலைக்குப் போயிருந்தார்.

இப்போதும் மைக்கைச் சோதித்தபின் நான் உடனே மேடைக்குக் கொடுப்பதில்லை. பெட்டியில் யாராவது தாளம் தட்டுகிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.