லிஃப்டும் என் கொள்கைகளும்

2023 ஜூலை 16, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து இருபது. மும்பை மாட்டுங்காவில் மூன்றாவது நாளாக விடாத மழை. எங்கள் கட்டடத்தின் கீழ்த்தள நடையில், ஸ்கூட்டர்களை ஓரமாகத் தள்ளிவிட்டு, சொசைட்டி மீட்டிங் கூடியது. வீடுகள் பதினான்கு, பிளாஸ்டிக் நாற்காலிகள் பதினொன்று. பேச வேண்டியது ஒன்றுதான்: நாலு மாடிக் கட்டடத்துக்கு வெளிப்பக்கமாக ஒரு லிஃப்ட். யாராவது ஒருவர் புகார் கொடுத்தாலும் முனிசிபாலிட்டியில் வேலை நின்றுவிடும் என்று பயந்த செயலாளர், எல்லா வீட்டுக் கையெழுத்தும் வேண்டும் என்றார். பதின்மூன்று விழுந்துவிட்டது.

நான் போடுவதாக இல்லை. எனக்குக் கொள்கைகள் உண்டு.

முதல் கொள்கை, இருபத்திரண்டு வயதில் மாஹிம் நடைபாதைக் கடையில் வாங்கிய இயற்கை வைத்தியப் புத்தகத்திலிருந்து வந்தது. தினமும் படி ஏறுகிறவனுக்கு வைத்தியனே வேண்டாம் என்றது அது. கடைசி இருபது பக்கங்கள் கிழிந்துபோயிருந்தன. முழங்கால் பற்றிய அத்தியாயம் அங்கே இருந்திருக்கலாம். இரண்டாவது, சினிமாவிலிருந்து. நான் பார்த்த படங்களில் எல்லாம் கட்டட கான்ட்ராக்டர் வெள்ளை ஷூ போட்டிருப்பான். தனி மனிதன் ஒருவன் கையெழுத்துப் போட மறுப்பான். வெளியே மழை, உள்ளே வயலின். கடைசியில் கான்ட்ராக்டர் தோற்பான். மூன்றாவது, அனுபவம். எங்கள் குளியலறைக்கு டைல்ஸ் போட வந்தவன் முன்பணத்தோடு மறைந்தான். ஆகவே உலகத்துக் கான்ட்ராக்டர்கள் அனைவரும் திருடர்கள். ஒரே ஒரு குளியலறையை வைத்து இவ்வளவு பெரிய முடிவுக்கு வர என்னைப் போல் படித்தவனால்தான் முடியும்.

எங்கள் வீடு மூன்றாவது மாடி. முழங்கால் வலியால் பொங்கலுக்குப் பிறகு என் மனைவி இரண்டு தடவைதான் கீழே இறங்கியிருந்தாள். இரண்டும் டாக்டரிடம், நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு பேர் தூக்கி.

அன்று காலையிலும் கேட்டாள். “ஏன்னா, போட்டுடுங்கோளேன். கத்திரிக்காயைக் கையால தொட்டு வாங்கி ஆறு மாசமாச்சு.”

“படி ஏறி எறங்கினா தானா சரியாயிடும்.”

“மொதல்ல எறங்கினாத்தானே ஏறறதுக்கு?”

செருப்பை மாட்டிக்கொண்டு கீழே வந்துவிட்டேன். மீட்டிங்கில் எழுந்து நின்று, “போட மாட்டேன்” என்றேன். சினிமாவாக இருந்தால் இடி இடித்திருக்கும். இரண்டாவது மாடியில் குக்கர் விசில் அடித்தது. கான்ட்ராக்டரைப் பார்த்தேன். ரப்பர் செருப்பு. தொப்பலாக நனைந்திருந்தார். காகிதங்கள் நனையாமல் இருக்கத் தன் பிளாஸ்டிக் பையைச் செயலாளரிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். வில்லனே சரியில்லை.

செயலாளரை அரை டிராயர் காலத்திலிருந்து எனக்குத் தெரியும். இப்போது ஏதோ பேங்கில் இருக்கிறார்.

“அரே அங்கிள், சும்மா டென்ஷன் ஆகாதீங்க. உங்க சைன் தேவையே இல்ல.”

“ஏன், நான் மனுஷன் இல்லையா?”

“மெம்பர் இல்ல அங்கிள். ஷேர் சர்டிஃபிகேட்ல ஆன்ட்டி பேர்தான் இருக்கு. ஃபிளாட்டே அவங்களோடது. நேத்துதான் எடுத்துப் பாத்தேன்.”

பதினோரு நாற்காலிகளும் என் பக்கம் திரும்பின. அப்போதுதான் நான்காவது கொள்கை ஞாபகம் வந்தது. முப்பத்தைந்து வயதில் பெண்ணின் சொத்துரிமை பற்றி ஒரு சீர்திருத்தப் புத்தகம் படித்தேன். அந்தச் சூட்டில் வீட்டை அவள் பேரிலேயே வாங்கினேன். ஆபீஸ் கேன்டீனில் பல வருஷம் அதைப் பீற்றிக்கொண்டேன். பீற்றியது நினைவிருந்தது, வீடு அவளுடையது என்பது மறந்துபோயிற்று. அதிலும் ஆச்சரியமில்லை. எங்கள் சொசைட்டியில் மெம்பர் யாரானாலும் மீட்டிங்குக்கு வருகிறவர் கணவர்தான். இத்தனை வருஷமும் நாற்காலியில் உட்கார்ந்தது நான், இருமியது நான், ஆட்சேபித்தது நான். கடைசியில் என் புத்தகம் ஒன்றே இன்னொன்றின் காலை வாரிவிட்டது.

செயலாளர் மாடி ஏறினார். கொள்கைப்படி நானும் ஏறினேன், மூச்சு வாங்கிக்கொண்டு. அவள் கையைத் துடைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “எங்க போடணும்?” என்றாள்.

“கொஞ்சம் யோசிச்சுப் போடு.”

“ஆறு மாசமா அந்தப் படியைப் பாத்துண்டு அதைத்தான் யோசிச்சிண்டிருக்கேன்.” போட்டுவிட்டாள்.

கான்ட்ராக்டர் ஓடிப்போகவில்லை. இரண்டு மாதம் தாமதம், அவ்வளவுதான். எனக்கு அதுவும் ஓர் ஆறுதல். லிஃப்ட் ஓடிய முதல் நாள் அவள் மார்க்கெட்டுக்குப் போய் நாற்பது நிமிஷம் கத்திரிக்காய் பொறுக்கினாள். அடுத்த வாரம் சினிமாவுக்குப் போக வேண்டும் என்றாள். டாக்ஸியில் போனோம். படத்தில் கான்ட்ராக்டருக்கு வெள்ளை ஷூ. கதாநாயகன் கையெழுத்துப் போட மறுத்தான். மழை, வயலின். என் கண் கலங்கிவிட்டது. அவள் என் பக்கம் சாய்ந்தாள்.

“ஏன்னா, அந்த வீடு யார் பேர்ல இருக்குன்னு மொதல்ல பாத்தானா இவன்?”

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

வீடு அவள் பேரில். ஃபிக்ஸட் டெபாசிட் மட்டும் என் பேரில் இருந்தது. லிஃப்டுக்கு எங்கள் பங்கு இரண்டு லட்சத்துப் பத்தாயிரம், கத்திரிக்காய் நாற்பத்தைந்து, டாக்ஸி நூற்று நாற்பது, டிக்கெட் இரண்டும் சேர்த்து அறுநூற்று நாற்பது, பாப்கார்ன் முந்நூற்று எண்பது. ஆக மொத்தம் இரண்டு லட்சத்துப் பதினோராயிரத்து இருநூற்று ஐந்து ரூபாய்.