தொடை ஹோல்ட்

ஹட்டன் நகருக்குள் பஸ் நுழைந்ததும் வருகிற இரண்டாவது தரிப்பிடத்துக்குப் பெயர் பாமசி ஹோல்ட். நஜீம் ஹாஜியாரின் மருந்துக்கடை, அதாவது பாமசி, அங்கே இருப்பதால் வந்த பெயர். இந்த வருஷம் தை பிறந்ததும் அது தொடை ஹோல்ட் ஆகிவிட்டது. கூட்டம் போட்டு யாரும் முடிவெடுக்கவில்லை. பாமசியின் மேல்மாடியில் ஹாஜியாரின் மனைவி ஸுலைஹா தோல் பராமரிப்பு நிலையம் ஒன்று நடத்துகிறாள். வாசலுக்கு மேலே அவள் ஒரு பெரிய பெனர் கட்டினாள், அவ்வளவுதான். பெனரின் இடது பக்கம் ஒரு பெண்ணின் தொடைப் பின்புறம், தோட்டத்து ரோட்டைப் போலக் குண்டும் குழியுமாக, நடுவில் ஓர் ஆழமான பள்ளத்தோடு. அதற்குக் கீழே 'முன்பு' என்று எழுதியிருந்தது. வலது பக்கம் வழவழவென்று ஒரு தொடை, அது 'பின்பு'. முகம் இரண்டிலும் இல்லை. அடுத்த வாரமே கொண்டக்டர்மார் "தொட ஹோல்ட் எறங்குங்க" என்று கத்தத் தொடங்கினார்கள். சிவனொளிபாதமலைக்குப் போகிற யாத்திரிகர்களும் போகிற வழியில் அதைத் தரிசித்துவிட்டே போனார்கள்.

'முன்பு' ஐவியின் தொடை. இது ஐவிக்கும் ஸுலைஹாவுக்கும் மட்டுந்தான் தெரியும்.

ஐவி திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். வயது வந்ததும் பேர் பதிந்து கொழுந்து எடுக்கப் போனாள். ஒருநாள் கவ்வாத்து வெட்டிய மலையில் குறுக்கு வழியாக இறங்கும்போது வழுக்கி விழுந்தாள். கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடி என்பது முழங்கால் உயரத்தில் கூராக நிற்கிற கட்டைதான். ஒரு கட்டை தொடையின் பின்பக்கம் ஏறிவிட்டது. பக்கத்து நிரையில் வெட்டிக்கொண்டிருந்த அந்தோனிமுத்து கத்தியைப் போட்டுவிட்டு ஓடிவந்து, தன் சட்டையைக் கழற்றிக் கட்டி, முதுகில் தூக்கிக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரி வரை ஏறினார். காயம் ஆறியது. போன சதை மட்டும் திரும்பி வரவில்லை. கட்டைவிரல் புதைகிற அளவுக்கு ஒரு பள்ளம் நின்றுவிட்டது. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் பேச்சுக் கிளம்பவே, தூக்கியவருக்கே கட்டிவைத்தார்கள். தூக்கியவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பிறகு அவர் தோட்டத்து வேலையை விட்டு அக்கரப்பத்தனை - ஹட்டன் பஸ்ஸில் கொண்டக்டரானார். பிள்ளைகள் வளர்ந்ததும் ஐவியும் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஸுலைஹாவிடம் வேலைக்குச் சேர்ந்தாள். கட்டிலுக்கு விரிப்பு மாற்றுவது, மெஷின் துடைப்பது, ஞாயிற்றுக்கிழமைகளில் கண்டியிலிருந்து வருகிற டொக்டருக்கு டீ கொடுப்பது, இவை அவள் வேலை.

டொக்டர் பேசுவதைக் கேட்டுக் கேட்டு அது ஐவிக்கு மனப்பாடம். "தொடைத்தோல் குண்டும் குழியுமாக இருப்பது நோயில்லை, முக்கால்வாசிப் பெண்களுக்கு இருக்கிறது" என்று தொடங்குவார். கிரீம் பூசினால் கிரீம் விற்றவனுக்கு நல்லது. உறிஞ்சி உருட்டுகிற மெஷின் சில வாரம் தோலைச் சமமாகக் காட்டும், விட்டால் பழையபடி. சூடு கொடுக்கிற மெஷின் இன்னும் கொஞ்சக் காலம் தாங்கும். தோலை உள்ளே இழுத்துப் பிடிக்கிற நார்களை ஊசியால் அறுத்துவிட்டால் கூடுதலாக நிற்கும், ஆனால் கன்றிப்போய் நோகும். காயத்தால் விழுந்த பள்ளத்துக்கு ஊசி வழியாக மருந்து நிரப்பலாம், கரைந்தால் மறுபடி நிரப்ப வேண்டும். அல்லது வயிற்றுக் கொழுப்பில் கொஞ்சம் எடுத்து அங்கே வைக்கலாம். "முழுசாப் போகும் என்று யாராவது சொன்னால் அவரிடமே போங்கள்" என்று முடிப்பார். வந்தவர்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "முழுசா எப்ப போகும் டொக்டர்?" என்று கேட்பார்கள்.

பெனர் கட்ட ஒரு படம் தேவைப்பட்டபோது ஸுலைஹா ஐவியிடம்தான் கேட்டாள். "ஐவியக்கா, மொகம் வராது. மெஷின் ஒங்களுக்குச் சும்மா." விரிப்பு மாற்றிக்கொண்டே இருந்தவளுக்கு அந்தக் கட்டிலில் ஒரு தடவை படுத்துப் பார்க்க ஆசை. ஒத்துக்கொண்டாள். மெஷின் டொக்டர் சொன்னபடியே வேலை செய்தது: சில வாரம் சமம், பிறகு பழையபடி. அதற்குள் மலை யாத்திரைச் சீசன் வந்துவிட்டதால் பெனர் அடிக்கிற கடைக்காரர் இன்டர்நெட்டில் ஒரு தொடையைத் தேடியெடுத்து 'பின்பு' என்று போட்டுவிட்டார்.

ஐவி வீட்டில் சொல்லவில்லை. பெனர் ஏறிய நாளிலிருந்து அந்தோனிமுத்து நாள் முழுக்க அதற்குக் கீழேதான் போய்வருகிறார். இன்றைக்குக் கேட்பார், இன்றைக்குக் கேட்பார் என்று பயந்துகொண்டே சோறு போட்டாள். அவர் குழம்புக்கு உப்புக் கேட்டார். தவக்காலம் தொடங்கியது, கேட்கவில்லை. ஈஸ்டராகிய பாஸ்குவும் முடிந்தது, கேட்கவில்லை. பயம் போய் அந்த இடத்தில் ஆத்திரம் வந்து உட்கார்ந்தது. தன் கையாலேயே கட்டுப்போட்ட காலை அடையாளம் தெரியாத மனுசனோடா இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினேன் என்று நினைக்க நினைக்க அவளுக்கு ஆறவில்லை.

கடைசியில் வாய்விட்டே கேட்டாள்.

"பாமசிப் பெனரப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எப்பிடி இருக்கு?"

"பெருசா இருக்கு."

அன்றைக்கு ஐவி ரொட்டிக்குத் தேங்காய்ச் சம்பல் அரைக்கவில்லை. அந்த ஞாயிறே டொக்டரிடம் போய், பள்ளத்தை நிரப்பித் தரமுடியுமா என்று கேட்டாள். பார்க்கிறவருக்கே தெரியாத அடையாளத்தை எதற்குச் சுமந்துகொண்டு திரிவது? வெசாக் பௌர்ணமி கழிந்து வருகிற ஞாயிறு செய்யலாம் என்றார் டொக்டர்.

இடையில் ஒருநாள் புருஷனின் பஸ்ஸிலேயே வேலைக்குப் போக நேர்ந்தது. தலவாக்கலையில் ஏறிய ஒரு பையன் டிக்கட் கேட்டான்.

"அண்ணே, தொட ஹோல்ட்டுக்கு ஒண்ணு."

"அப்பிடி ஒரு ஹோல்ட் இல்ல."

"எல்லா பஸ்லயும் அப்பிடித்தானே சொல்றாங்க?"

"அப்ப அந்த பஸ்ல போங்க தம்பி. இதுல பாமசிதான்."

முன்சீட்டில் இருந்த ஐவிக்குக் கேட்டது. கோயில் திருநாளுக்குப் புனிதரின் சுரூபம் தூக்குகிற மனுசன், அந்த வார்த்தையைச் சொல்லக் கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

வெசாக்கோடு சீசன் முடிந்தது. வேலைக்கு வந்த ஐவி, வாசலுக்கு மேலே வெறும் சுவரைப் பார்த்தாள்.

"ஒங்கட வீட்டுக்காரர்தான் கேட்டு வாங்கிட்டுப் போனாரு" என்றாள் ஸுலைஹா. "வெறகு மூட வேணுமாம்."

மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. ஐவி லயத்துக்கு வந்து சேர்ந்தபோது வாசலோரம் விறகு அடுக்கின்மேல் பெனர் கிடந்தது. வழவழப்பான 'பின்பு' மட்டும் வானத்தைப் பார்த்தபடி நனைந்துகொண்டிருந்தது. 'முன்பு' இருந்த பாதியைக் காணவில்லை. நடுவில் நேராக அறுத்திருந்தது, கவ்வாத்துக் கத்தியால் அறுத்த அறுப்பு. மூடாத பக்கத்து விறகிலிருந்து தண்ணீர் சொட்டியது.

அந்தோனிமுத்து உள்ளே வாங்குப் பலகையில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மத்த பாதி எங்கங்க?"

"அலமாரிக்குள்ள."

"வெறகு பாதி நனையுது. அதையும் போட்டிருக்கலாமே?"

அவர் கோப்பையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஒன்னய மழையில போடச் சொல்றியா?"

ஐவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எப்பத் தெரியும்?"

"கட்டுன அன்னைக்கே."

"ஏன் கேக்கல?"

"நீ சொல்லல. சொல்ல இஷ்டமில்லையாக்கும்னு விட்டுட்டேன்."

ஐவிக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான் வந்தது, ஆனாலும் இத்தனை மாதம் வாயைத் திறக்காதவர்மேல் கோபமும் அதில் சரிபாதி இருந்தது. அழுதுகொண்டே போய் அலமாரியைத் திறந்தாள். கல்யாணச் சேலைக்கு அடியில், படம் உள்பக்கமாக மடித்து வைத்திருந்தார். மூடிவிட்டுத் தேங்காய் துருவ உட்கார்ந்தாள். அன்றைக்கு ரொட்டிக்குச் சம்பல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை டொக்டர் மருந்தையும் ஊசியையும் எடுத்துவைத்துவிட்டு ஐவியைக் கட்டிலில் படுக்கச் சொன்னார்.

"வேணாம் டொக்டர். அந்தப் பள்ளம் இருக்கட்டும்."

"ஏன்?"

"அத வச்சுத்தான் எங்க வீட்டுக்காரர் என்னயக் கண்டுபிடிச்சாரு."

டொக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார். ஐவி விரிப்பை மாற்றிவிட்டுப் போய்க் கூப்பிட்டாள்.