கவிழ்த்த கூடை

நீலமீன் மறுபடியும் ஆரஞ்சு மீனைத் தொட்டி மூலைக்குத் துரத்தியது. வால் நுனி ஏற்கெனவே கிழிந்திருந்தது. கலைமணி கையை முழங்கை வரை உப்புத் தண்ணீருக்குள் விட்டு, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கூடையை ஆரஞ்சு மீன்மேல் கவிழ்த்தாள். கூடை மிதக்காமலிருக்க மேலே கல் வைத்தாள். ஊரில் கொத்துப்படும் கோழியை இப்படித்தான் மூடி வைப்பார்கள்.

மலையூரான வாழவந்தி நாட்டில் ஒரு விடுதியின் வரவேற்பறையில் இருந்தது அந்தத் தொட்டி. முதலாளி ஹபீப் ரஹ்மான் அடிவாரத்துக்காரர். மலைமேல் கடல்மீன் இருந்தால் வருகிறவர்கள் நின்று பார்ப்பார்கள் என்று வாங்கி வைத்தார். பெருக்க வந்த கலைமணியின் பொறுப்பில் அது வந்து சேர்ந்தது. நீலமீன் ஏற்கெனவே இரண்டு மீன்களைக் கடித்துக் கொன்றிருந்தது. ஆரஞ்சு மீனும் செத்தால் தொட்டியை விற்றுவிடுவதாகவும், பிறகு பெருக்க மட்டும் தனி ஆள் தேவையில்லை என்றும் முதலாளி சொல்லியிருந்தார். வேலை போனால் சாமான் அறைக்குப் பின்னால் அவள் படுக்கும் அறையும் போய்விடும்.

பிறகு அதே மலையிலுள்ள அரியூர் நாட்டுக்குத்தான் போகவேண்டும். புருஷன் அப்பாசாமி அங்கே இருந்தான். அவன் உடைத்த அவள் மணிக்கட்டு கோணலாகவே சேர்ந்திருந்தது. முதல் தடவை தப்பித்து அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணனே அவளைத் திரும்ப அப்பாசாமியிடம் கொண்டுபோய் விட்டான். இரண்டாம் தடவை யாரிடமும் சொல்லாமல் இங்கே வந்தாள். அப்பாசாமி கண்டுபிடித்துவிட்டான். உள்ளே வருவதில்லை. மதிய பஸ்ஸில் வந்து எதிர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, சாயங்கால பஸ்ஸில் போவான். கேட்டைத் தாண்ட வேண்டாம் என்று விடுதி மேனேஜர் பூபதி அவளிடம் சொல்லியிருந்தார். பால், சோப்பு, தலைவலி மாத்திரை எல்லாம் அவரே வாங்கி வந்தார்.

வால் ஆறியதும் கூடையை எடுத்தாள். நீலமீன் பாய்ந்து வந்து அதே இடத்தில் கடித்தது. கூடையை மறுபடி கவிழ்த்துவிட்டு, சேலத்து மீன் கடைக்காரருக்குப் போன் செய்தாள்.

"ஏனுங்க, கடிபட்டதத்தான் கூடைக்குள்ள போட்டு வெச்சனுங்க. வெளிய உட்டா முன்னவிட மோசமா கடிக்குதுங்க."

கடைக்காரர் சிரித்தார். "அடிபடறத அடைச்சு வெச்சா தொட்டி பூராவும் அடிக்கிறவனுக்குத்தானுங்க. அவனப் புடிச்சு உள்ள போடுங்க. கல்லையெல்லாம் எடம் மாத்துங்க, தன்னோட எடம்ங்கறது அவனுக்கு மறந்துரும். மத்தது வெளிய சுத்திப் பழகட்டும்."

அவள் கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். லைன் போய்விட்டதா என்று அவர் கேட்டார்.

"இருக்கறனுங்க."

நீலமீனைப் பிடிக்கப் பகல் முழுவதும் ஆயிற்று. கற்களை இடம் மாற்றி, கூடையை எதிர்மூலைக்குக் கொண்டுபோய் அதற்குள் விட்டாள். பூபதி வந்து குனிந்து பார்த்தார்.

"நீலனுக்கு ஜெயிலா? மொதலாளி ஆசப்பட்டு வாங்குனது அவனத்தானே."

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "போலீசுல ஒரு வார்த்த சொல்லலாமுங்களா?"

அவர் சன்னல் கண்ணாடி வழியாக டீக்கடையைப் பார்த்தார்.

"எதுக்கு கண்ணு வம்பு? நீ பாட்டுக்கு உள்ளயே இரு. இங்க உனக்கு என்ன கொற?"

மறுநாள் காலை அவள் தொட்டி விளக்கைப் போட்டாள். நீலமீன் கூடைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. ஆரஞ்சு மீன் பழைய மூலையில், கூடை இருந்த அளவுக்குள்ளேயே நீந்தியது. தீனியைத் தொட்டி நடுவில் போட்டாள். வந்து ஒன்றை எடுத்துக்கொண்டு மூலைக்குத் திரும்பியது. புதுக் கடி இல்லை. முதலாளி போனில் கேட்டதற்கு உயிரோடு இருக்கிறது என்றாள். தொட்டியில் வற்றிய அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றினாள். மழை பெய்தது. தரையைத் துடைத்தாள். மழை விட்டதும் மதிய பஸ் வந்தது. அப்பாசாமி பெஞ்சைத் துண்டால் துடைத்துவிட்டு உட்கார்ந்தான். பூபதி பால் வாங்கி வந்தார்.