நான்கு விரற்கடை குட்டை

பழைய பிரிட்டிஷ் ஏர் ரைஃபிள்களைச் சேர்க்கும் பைத்தியம் எனக்கு உண்டு. 1998-இல் புனேயின் விஷ்ராந்த்வாடி பகுதியில் ஒரு தமிழ் அம்மாளிடம் ஒன்று வாங்கினேன். என் வீட்டில் ஏற்கெனவே இருந்த அதே மாடலோடு ஒப்பிட்டால் குழல், விசை, முத்திரை எல்லாம் ஒன்றேதான். தோளில் வைக்கும் மரக்கட்டை மட்டும் நான்கு விரற்கடை குட்டை. யாரும் பார்த்திராத வகையோ? இரண்டையும் தூக்கிக்கொண்டு அந்த அம்மாளிடமே ஓடினேன்.

"வகையும் இல்ல, ஒண்ணும் இல்ல சார். என் கைக்கு எட்டலன்னு எங்க வீட்டுக்காரர் ரம்பம் போட்டு அறுத்தார்" என்று சிரித்தார். "அவரே போனப்புறம் எதுக்குன்னுதான் வித்தேன்."

எனக்கு முகம் தொங்கிவிட்டது. அவர் குட்டைத் துப்பாக்கியை வாங்கித் தோளில் வைத்து, ஜன்னலுக்கு வெளியே குறி பார்த்தார். கன்னம் தானாகக் கட்டையில் படிந்தது. வெகுநேரம் எடுக்கவே இல்லை.

திரும்பும்போது என்னிடம் ஒரு துப்பாக்கிதான் இருந்தது. இப்போதெல்லாம் என்ன மாடல் என்று கேட்குமுன், யாருடையது என்று கேட்கிறேன்.