மாரியின் முறை நாளில்

இந்திராணிக்கு உட்காரத் தெரியாது. பொன்னேரி தொலைபேசி நிலையத்தில் பாதி ஆயுளை உட்கார்ந்தே கழித்தவர் என்பதால் இதை யாரும் நம்புவதில்லை. ஆனால் அங்கே உட்கார்ந்தது உடம்பு மட்டும்தான். கைகள் ஓயாமல் ஒரு ஊரை இன்னொரு ஊரோடு கோத்துக்கொண்டிருந்தன. பிறகு ஜனங்கள் தாங்களாகவே எண்ணைச் சுழற்றிப் பேசிக்கொள்ளக் கற்றுக்கொண்டார்கள். இந்திராணியை மேசைக்கு மேசை மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் விருப்ப ஓய்வு கொடுத்தார்கள். விருப்பம் கொடுத்தவர்களுடையது.

பழவேற்காட்டு வீட்டில் அவர் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தார். கணவர் சம்பந்தம் நேர் எதிர். நாற்காலியில் அமர்ந்தால், கரண்ட் போன பிறகும் டிவியைப் பார்த்துக்கொண்டிருக்கக்கூடியவர். அவரே ஒருநாள், "எங்கனா போய்ட்டு வாயேன், எனக்குத் தலை சுத்துது" என்றார்.

போன இடம் கிளை நூலகம். புத்தக ஆசையால் அல்ல. இந்திராணி எந்தப் புத்தகத்திலும் ஐந்தாம் பக்கத்தைத் தாண்டியதில்லை. அவரைப் பிடித்து நிறுத்தியது அந்தக் கட்டடத்தின் வாசல். டச்சுக்காரர்கள் ஊரை விட்டுப் போய் இருநூறு வருடம் ஆகிறது, கொஞ்சம் முன்பின். இருந்தும் அவர்களைத் தேடி வேனில் ஆட்கள் வந்தபடி இருக்கிறார்கள். வேனை விட்டு இறங்கினால் பலகை வைத்த முதல் கட்டடம் நூலகம் என்பதால் நேரே உள்ளே நுழைந்து, முதலில் கழிப்பறையையும் அடுத்து தண்ணீரையும் கடைசியாக டச்சுக் கல்லறையையும் கேட்பார்கள். புத்தகம் கேட்டவர்கள் குறைவு. நூலகர் தேவதாஸ் சத்தம் பிடிக்காத மனிதர். அதற்காகவே இந்த வேலைக்கு வந்து, வருகிறவர்களுக்கெல்லாம் வழி சொல்லியே தொண்டை கட்டிக்கொண்டவர்.

இந்திராணி வாசலருகே ஒரு மேசையை இழுத்துப் போட்டு, 'பார்வையாளர் உதவி' என்று அட்டையில் எழுதி ஒட்டினார். தொண்டுக்கு ஆள் சேர்த்தார். பகலில் கை சும்மா இருந்த மீனவர் மாரி வந்தார். தையல் கடை செசிலியா வந்தாள். திருப்பாலைவனத்தில் நெல் போட்டிருக்கும் ஆதிநாராயணன், அறுப்பு முடிந்து பொழுது போகாமல், பஸ் ஏறி வந்தார்.

ஆரம்பத்தில் அது தொண்டாக இல்லை, பிடுங்கலாக இருந்தது. வேன் வந்தால் நாலு பேரும் ஒருவரையே சூழ்ந்துகொள்வார்கள். ஒருவர் கல்லறைக்கு இழுப்பார், ஒருவர் படகுத்துறைக்கு இழுப்பார். வேன் வராத நாளில் யாருமே வரமாட்டார்கள். இந்திராணி தூக்கமில்லாமல் யோசித்தார். வழி சொன்னது மாரி.

"பாடு வெச்சிக்கலாம்கா."

முகத்துவாரத்துப் பக்கம் வலை கட்டும் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக நடக்கும் ஏற்பாடு அது. தையில் சீட்டுக் குலுக்கி, இந்தத் தண்ணீர் இந்த நாளில் இன்னாருக்கு என்று பிரித்துக்கொள்வார்கள். ஒருவனுடைய பாடு நாளில் மற்றவன் அங்கே வலை இறக்கமாட்டான். முறைக்காரன் வராவிட்டால் அந்தத் தண்ணீர் அன்றைக்குச் சும்மா கிடக்கும். அவனோ அவன் வீட்டுக்காரியோ வாய்விட்டு 'நீ போட்டுக்கோ' என்று சொன்னால்தான் இன்னொருவன் இறங்கலாம். மீறினவனுக்கு அடுத்த தை வரைக்கும் முறை கிடையாது.

மேசைக்கும் சீட்டுக் குலுக்கினார்கள். இந்திராணியே டப்பாவை ஆட்டினார். "நானே ஆனாலும் அடுத்தவங்க நாள்ல கை வெக்க மாட்டேன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். கேட்க நன்றாக இருந்ததால் சொன்னார்.

அதிசயமாக வேலை நடந்தது. அவரவர் நாளில் அவரவர் பட்டன் போட்ட சட்டையோடு, தலை வாரி வந்து நின்றார்கள். மற்றவர்களும் வருவார்கள், ஆனால் பத்திரிகை படிக்க. எதிரில் வெள்ளைக்காரர் தாகத்தில் சுருண்டு விழுந்தாலும், அது தன் பாடு இல்லையென்றால் தலை நிமிராது. இதிலும் மிகக் கண்டிப்பானவர் ஆதிநாராயணன். வாழ்நாளில் வலையைத் தொடாதவர் அவர் ஒருவர்தான்.

இப்படியிருக்கையில் ஒரு பேச்சு வந்தது. ஆள் வராத கிளைகளைப் பகுதிநேர நூலகமாக்கப் போகிறார்களாம். மாவட்டத்திலிருந்து அதிகாரி ஒருவர் சொல்லாமல் வந்து பார்ப்பாராம். பகுதிநேரம் என்றால் காலையில் மட்டும் கொஞ்சம் திறந்துவிட்டுப் பூட்டிவிடுவார்கள். வேன்கள் வருவதோ மதியத்துக்கு மேல். மேசை போகும். இந்திராணிக்குத் திரும்பவும் கூடமும் வாசலும்தான்.

அதிகாரி வந்த அன்று மாரியின் முறை. அன்றைக்கென்று ஏரியிலும் மாரியின் முறை. வாடைக்காற்று எழும்பி இறால் ஓடுகிற நேரம். இரண்டில் எது என்று அந்த ஊரில் யாரும் யோசித்து நிற்கமாட்டார்கள். மதியத்துக்குள் திரும்பிவிடலாம் என்று நினைத்து மாரி யாரிடமும் சொல்லாமல் படகேறிவிட்டார்.

சாதாரணச் சட்டை, கையில் டிபன் பை. பொன்னேரி பஸ்ஸில் இறங்கி வந்து மேசை முன் நின்றார் அதிகாரி. ஏதோ கூட்டத்தில் அவரைப் பார்த்திருந்த தேவதாஸ் பதறி எழுந்தார்.

"நீங்க உங்க வேலையைப் பாருங்க" என்றார் அதிகாரி. "உதவின்னு எழுதியிருக்கே, அது எப்படி நடக்குதுன்னு பார்க்கத்தான் வந்தேன்."

தேநீர்க் கடையிலிருந்து திரும்பிய இந்திராணியை தேவதாஸ் வாசலிலேயே மறித்து விஷயத்தைச் சொன்னார். உள்ளே அதிகாரி நின்றுகொண்டிருந்தார். இரண்டடி தள்ளி செசிலியா வாரப் பத்திரிகையில் கோலம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆதிநாராயணனின் முகத்தைச் செய்தித்தாள் முழுதாக மறைத்திருந்தது.

"ஏந்திரு செசிலியா" என்று இந்திராணி பல்லைக் கடித்தபடி முணுமுணுத்தார்.

"எனுது வெள்ளிக்கெழமைக்கா."

"மாரி வரலைடி."

"அப்ப இன்னிக்கு சும்மா கெடக்கட்டும். இன்னாத்துக்கு நான் போயி அவர் தண்ணில எறங்கணும்?"

"ஆதிநாராயணன், நீங்களாவது."

செய்தித்தாள் இறங்கவில்லை. பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. "நான் வெளியூர்க்காரன்மா. உங்க ஊரு மொறைய நானே மீறுனா நாளைக்கு எனுக்கு யாரு மதிப்பு குடுப்பாங்க?"

இந்திராணி கரைக்கு ஓடினார். படகு கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. தண்ணீரில் இறங்கினால் மாரி போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறவர். வீட்டுக்கு ஓடினார். வாய்வார்த்தை தரக்கூடிய இன்னொரு ஆள் மாரியின் மனைவி பச்சையம்மா. கதவில் பூட்டுத் தொங்கியது. மீன் கூடையோடு பொன்னேரிக்குப் போயிருக்கிறாள் என்றார்கள். உள்ளே போன் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அடித்துக்கொண்டிருந்தது இந்திராணிதான்.

திரும்பி வந்தபோது அதிகாரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மூன்று பேர் இருந்த அந்த அறையைப் பார்த்து, "இங்க யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார்.

இந்திராணி மேசைக்குப் பின்னால் போய் நின்றார். "வாங்க சார். என்ன வேணும்?"

அதற்குமேல் அவர் கைகள் பழைய கைகளாகிவிட்டன. தண்ணீர் வந்தது, கழிப்பறைச் சாவி வந்தது, அலமாரி அலமாரியாக அழைத்துப்போய்க் காட்டினார், வெயில் தாழக் கல்லறைக்கும் கூட்டிப்போய் வந்தார். வழியில் ஆரம்பாக்கத்துக்குப் பஸ் கேட்டு நின்ற ஒரு குடும்பத்தையும் போகிறபோக்கில் ஏற்றிவிட்டார். புறப்படும்போது அதிகாரி, "நல்லா நடத்துறீங்க. இன்னிக்கு உங்க முறையா?" என்றார்.

"ஆமா சார்" என்றார் இந்திராணி.

பத்திரிகைகள் இரண்டும் ஒரே நேரத்தில் கீழே இறங்கின.

நூலகம் முழுநேரமாகவே தொடரும் என்ற செய்தி வந்த அன்றே நால்வரும் கூடினார்கள். மாரி எல்லாருக்கும் காகிதத்தில் சுற்றி இறால் கொண்டுவந்திருந்தார். அவருக்குக் கோபம் இல்லை. கோபித்திருந்தால் இந்திராணியால் சமாளித்திருக்க முடியும்.

"எம்பாட்டுல நீங்க வலை வுட்டீங்கக்கா. வுட்டதும் இல்லாம உங்க மொறைன்னீங்க."

"நான் நிக்கலைன்னா இந்தக் கதவையே பூட்டியிருப்பாங்க மாரி. அப்புறம் ஏது பாடு?"

"யாரு இல்லன்னது? உங்களாலதான் நெலைச்சுது. ரொம்ப நல்ல மீனு. ஆனா யாரு தண்ணில புடிச்சீங்க?"

"வராதது நீ."

"வரலைன்னா சும்மா கெடக்கும்னுதானே பேச்சு? டப்பாவ ஆட்டிக்கினு நீங்கதானே சொன்னீங்க?"

இந்திராணி செசிலியாவைப் பார்த்தார். அவள் இறால் பொட்டலத்தின் நூலை இறுக்கிக் கட்டினாள். "கஷ்டமாதான் இருக்குதுக்கா. ஆனா உங்களுக்கு வுட்டுட்டா நாளைக்கு எனுக்கு யாரு பயப்படுவாங்க?"

தீர்ப்பை ஆதிநாராயணன் சொன்னார். அடுத்த தை வரைக்கும் இந்திராணி மேசையைத் தொடக்கூடாது, யாருக்கும் வழி சொல்லக்கூடாது. அவருடைய நாள் மாரிக்கு. பிறகு நூலகத்தைக் காப்பாற்றியதற்காக அவருக்கு நன்றியும் சொன்னார். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னார்.

இரவெல்லாம் கூடத்தில் காலடிச் சத்தம். "இன்னும் எவ்ளோ மாசம் இருக்குது தைக்கு?" என்று சம்பந்தம் படுக்கையிலிருந்து கேட்டார்.

மறுநாள் கதவு திறக்கும்போதே இந்திராணி நூலக வாசலில் நின்றார். வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. மேசைக்குப் பின்னால் மாரி, தலை வாரி, சட்டைப் பட்டன் போட்டு.

"வாங்கம்மா. இன்னா வேணும்?"

"வெளையாடாத மாரி."

"கேக்கறது எம்பாடுக்கா. தண்ணி வேணுமா?"

தண்ணீர் எங்கே என்று தெரியும். சாவி எங்கே என்று தெரியும். கல்லறையில் எந்தக் கல்லில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கிறது என்றும் தெரியும். தனக்குத் தெரியாத பொருள் இந்தக் கட்டடத்தில் என்ன இருக்கிறது என்று இந்திராணி சுற்றிப் பார்த்தார்.

"ஒரு புத்தகம் குடு."

"எது?"

ஒரு பெயரும் வாயில் வரவில்லை. "இருக்கறதுலயே தடியா."

மாரி கொண்டுவந்து வைத்தார். இந்திராணி உட்கார்ந்தார். முதல் பக்கத்தில் ஒருவன் மழையில் ஊருக்கு வருகிறான். இரண்டாம் பக்கத்திலும் அவன் வந்துகொண்டேதான் இருந்தான். படிக்கிற மேசைக்கு அடியில் இந்திராணியின் கால் தையல் மிஷின் மிதிப்பதுபோல ஆடியது. மதியம் தாண்டி, ஐந்தாம் பக்கத்தில் இருந்தபோது வெளியே வேன் வந்து நின்றது. கதவு திறந்து ஜனங்கள் இறங்கினார்கள். தொப்பி போட்ட ஒரு பெண் நேரே உள்ளே வந்து, மேசையைக் கவனிக்காமல், படித்துக்கொண்டிருந்த அம்மாள்தான் விவரம் தெரிந்தவர் என்று முடிவுசெய்து அருகில் வந்தாள்.

"அம்மா, இங்க டச்சு கல்லறை எந்தப் பக்கம்?"

இந்திராணியின் வலது கை தானாக எழும்பியது. பாதி வழியில் மாரியின் கண்ணைப் பார்த்தது. அங்கிருந்து திரும்பி அவரையே சுட்டிக்காட்டியது.

"அவரோட பாடு. அவரைக் கேளுங்க."

பிறகு அந்தக் கை இறங்கிவந்து, வேறு செய்ய ஒன்றும் இல்லாததால், ஆறாம் பக்கத்தைப் புரட்டியது.