நான் முந்தி விற்ற 150 பங்குகள்

ஜூலை 9, புதன்கிழமை. காலை 9.22. பழவேற்காட்டில் மேற்குக் காற்று, காய்கிற வெயில், ஒரு மேகம் இல்லை. அந்த நிமிஷத்தில்தான் என் 150 பங்குகளையும் விற்றேன் — பங்கு 371 ரூபாய்க்கு.

வாங்கியது 412-க்கு. மாத்திரைக்குள் இருக்கும் மருந்துப்பொடியைத் தயாரித்து, மாத்திரை கம்பெனிகளுக்கு விற்கிற ஆலை அது. நானே தினம் ஏழு மாத்திரை விழுங்குகிறேன். ஊரே விழுங்குகிறது. இந்தத் தொழில் எப்படிப் படுக்கும்?

இதே கேள்வியைத் தோணிரேவு ஏழுமலையிடமும் கேட்டுத் தொலைத்தேன். ஏரியில் இறால் பிடிப்பவர். படகுக்குப் புது எஞ்சின் வாங்க வைத்திருந்த 82,400 ரூபாயை, என்னை நம்பி, மகளின் ஃபோன் வழியாக 200 பங்குகளில் போட்டார்.

ஜூலை 9 காலை செய்தி வந்தது. வெளிநாட்டு அதிகாரிகள் ஆலையைச் சோதித்துவிட்டு, சுத்தம் போதாது, சரக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

விற்றேன். ஃபோன் கையில்தானே இருந்தது... ஏழுமலையைக் கூப்பிட்டிருக்கலாம் இல்லையா? கூப்பிடவில்லை. அவருடைய 200-ம் சந்தைக்கு வந்தால் என் விலை இறங்கிவிடுமோ என்று பயம். லட்சக்கணக்கில் கைமாறும் இடத்தில் 200 பங்கு எந்த மூலைக்கு? அது அப்போது தோன்றவில்லை.

பணம் உறுதியான பிறகே டச்சுக் கல்லறை எதிரில் ஷேர் ஆட்டோ ஏறினேன். தோணிரேவில் இறங்கும்போது 10.10. ஏழுமலை கரையில் வலை உதறிக்கொண்டிருந்தார். மகள் ஃபோனைப் பார்த்தாள். ஒரு நாளில் விழக்கூடிய அளவு விழுந்து, விலை பூட்டிக்கொண்டிருந்தது. வாங்க ஆளில்லை.

"பூட்டு திறந்ததும் வித்துடு ஏழுமலை."

"இன்னா சார் இப்டி பதர்றீங்க? எங்க பாட்டுல ஒரு நாள் இறா வரலன்னா எடத்தையே வுட்டுட்டுப் பூடுவமா? அடுத்த மொற வரும்."

ஏரியில் யார், எங்கே, எந்த நாள் வலை போடுவது என்று சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். அதுதான் பாடு. வெறும் வலையோடு வந்தாலும் இடம் போகாது.

"ஏரி அங்கேயே இருக்கும்பா. இது இருக்காது."

"மாத்திரை துன்னாம யார் சார் கீறாங்க? நீங்கதான சொன்னீங்க." வலையைக் கீழே வைத்தார். "உங்களுத வித்துட்டீங்களா?"

"இல்லப்பா."

எழுபத்து நான்கு வயதில், பட்டப்பகலில்.

"அப்புறம் இன்னா? நீங்க வெச்சிகினு கீறீங்க, நானும் வெச்சிகினு கீறேன்."

எட்டாம் நாள் பூட்டு திறந்தபோது விலை 188. முந்திக்கொண்டதில் எனக்குத் தப்பியது பங்குக்கு 183. ஆக 27,450 ரூபாய். அதை ஒரு கவரில் போட்டு எடுத்துப் போனேன். "கம்பெனி நஷ்டஈடு குடுத்திருக்கு. எஞ்சினுக்கு வெச்சுக்கோ" என்றேன். இரண்டாவது பொய்.

ஏழுமலை எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. "நஷ்டத்துக்குத் துட்டு குடுக்குற கம்பெனிய எங்கனா பாத்துகீறியாமா?" என்றார் மகளிடம். "இத்தப் போயி சார் விக்கச் சொன்னாரு."

மறுநாள் காலையில் அந்தப் பணத்துக்கும் அதே கம்பெனியில் 146 பங்கு வாங்கிவிட்டார்.

இன்று விலை 121. பழைய எஞ்சின் நின்றுவிட்டது. கோல் ஊன்றிப் படகைத் தள்ளிக்கொண்டு போகிறார். உண்மையைச் சொல்ல மூன்று முறை கிளம்பினேன். மூன்று முறையும் ஆட்டோ ஸ்டாண்டோடு திரும்பிவிட்டேன்.

என் பங்குகளில் நஷ்டம் 6,150. கவரில் 27,450. போக வர, இரண்டு நடை ஆட்டோ 80. மொத்தம் ரூ. 33,680.