ஈரக் கால்தடம்

பேய்த் தொடர் என்று நம்பி உட்கார்ந்த பிரிட்டிஷ் நாடகம். கடலில் செத்தவன் ஈரக் காலோடு வந்து, தான் செத்த கதையை முக்கால் மணி நேரம் விளக்கினான். கொட்டாவிதான் வந்தது. ஆனால் தரையில் கிடந்த அந்த ஈரத் தடம் என்னை நான் வளர்ந்த கடற்கரையான திரேஸ்புரத்துக்கு இழுத்துப் போனது.

அப்பா சங்கு குளிப்பவர். அவர் மூழ்கும்போது மேலே படகில் அவருடைய உயிர்க்கயிற்றைப் பிடிப்பது அம்மாவின் தம்பி. அக்காள் தாலியை அவன் கைவிடமாட்டான் என்பது எங்கள் கரையின் நம்பிக்கை. ஒரு மத்தியானம் மாமா மட்டும் ஈரக் காலோடு வந்து நின்றார்.

"ஏலே, மச்சான எங்கல?"

மாமாவுக்கு மூச்சு வாங்கியது. அம்மா தாலியைப் பிடித்துக்கொண்டாள்.

"பின்னால வாராருக்கா. தாகம், ஓடியாந்துட்டேன்."

அம்மா விட்ட அறை தெருவுக்கே கேட்டது. அதன்பிறகு அப்பாவை முன்னால் விட்டுத்தான் மாமா நுழைவார்.

டிவியை அணைத்தேன். அப்பா போய் வருடங்கள் ஆயிற்று. மாமா இன்றும் எங்கள் வாசலில் நின்று, ஒரு தரம் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார்.